பவர் பேங்க்கை எந்தப் பெட்டியில் வைத்தீர்கள்?

கத்தி, கத்தரிக்கோல் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். சென்னையிலோ திருச்சியிலோ வளைகுடா விமானத்துக்கு நிற்கும் வரிசையைக் கொஞ்ச நேரம் கவனித்தால், முதல்முறை போகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு பொருள்களில் என்பது புரியும்.

செக்-இன் பெட்டிக்குள் பவர் பேங்க்

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இதுதான். பெட்டியைக் கவுண்டரில் போட்டு, இமிக்ரேஷன் முடித்து, அப்பாடா என்று உட்காரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரேயில் பேட்டரி தெரிந்திருக்கும். பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. காதில் இயர்போன் மாட்டியிருந்து அறிவிப்பைக் கேட்கவில்லை என்றால், ஆள் போவார், பெட்டி இங்கேயே நிற்கும்.

இது வெறும் கெடுபிடி இல்லை. லித்தியம் பேட்டரியில் ஒரு செல் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும். கேபினில் நடந்தால் ஊழியர்கள் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க முடியும். சரக்கு அறையில் ஆள் கிடையாது. அங்கே பாய்ச்சப்படும் ஹாலோன் வாயு தீயை அடக்குமே தவிர, செல்லுக்குள் ஏறும் சூட்டைத் தணிக்காது.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பிடித்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸிலும் அதே தடை. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான் கொண்டுபோகலாம்.

அளவு: வாட் ஹவர் என்பது பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு. 100 வாட் ஹவர் வரை கைப்பையில் தாராளமாக வைக்கலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடவே கூடாது. கணக்குப் போடும்போது பலர் 5 வோல்ட்டால் பெருக்கிக் குழம்புகிறார்கள். உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட் 3.7. பவர் பேங்க்கில் போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை அதனால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஆகவே 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் ஹவர். 30,000 என்றால் 111. மேலே அச்சிட்ட எழுத்து தேய்ந்து போயிருந்தால் அளவை நிரூபிக்க வழியில்லை, புதிதாக வாங்கிவிடுங்கள்.

இன்னொரு இடத்திலும் சறுக்குவார்கள். தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் சின்ன ஏடிஆர் விமானங்களில் மேலே இடம் போதாது. கைப்பெட்டியை ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். பவர் பேங்க்கும் அதோடு கீழே போய்விடும். அதனால் அதைப் பெட்டிக்குள் புதைக்காமல், தோளில் மாட்டும் சின்னப் பையிலேயே வையுங்கள்.

கொப்பரை

எந்தப் பையிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறிப் பற்றக்கூடியது.

கசகசா

ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அங்கே இது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். தனிப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் அரைத்த குருமாப் பொடியை மறந்துவிடுகிறார்கள். அதிலும் கசகசா இருக்கும். பொட்டலம் கட்டும் முன் அரைத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஊறுகாய், தொக்கு, நெய்

வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் போகும் திரவம் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிதான். தொக்கும் நெய்யும் அதே கணக்கில் வரும். 200 மில்லி பாட்டிலில் கால்வாசி மட்டும் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. செக்-இன் பெட்டியில் வைப்பதானால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் செருகுங்கள்.

32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டி

பணம் கட்டினாலும் ஏற்றமாட்டார்கள். இரண்டாகப் பிரியுங்கள்.

வலி மாத்திரை, இருமல் மருந்து

டிரமடால், கோடீன் கலந்தவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. அந்நாட்டு அரசிடம் இணையம் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்பா அம்மாவை அனுப்பும் பிள்ளைகள், அவர்களுடைய மாத்திரை அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களை டிக்கெட் போடும் அன்றே ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.