முலாம்பழத்தில் இனிப்பு ஏறவில்லை: விதையைக் கழிக்கும் முன்

நான் விதை தேர்ந்து வளர்த்துவரும் முலாம்பழ வழி தை விதைப்பில் 13 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பைக் காட்டும் அளவு) காட்டியது. ஆடி விதைப்பில் 8-ஐத் தாண்டவில்லை. விதையில் குறையில்லை. காரணம்: மேகமூட்டம், சாம்பல் நோயில் போன இலைகள், கடைசிவரை குறையாத சொட்டுநீர். முலாம்பழம் மாவுச்சத்தைச் சேமிக்காது. பறித்தபின் இனிப்பு ஏறாது. முற்றும் கடைசி நாட்களில் இலை அனுப்பும் சர்க்கரைதான் கணக்கு.

அடுத்த முறை கொடிக்கு 2 காய் மட்டும் விட்டேன். சாம்பல் நோய்க்கு, நனையும் கந்தகத்தை (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள்) முதலில் நாலு செடியில் தெளித்துப் பார்த்தேன் (வெயிலில் அடித்தால் இலை கருகும்). அறுவடைக்கு ஒரு வாரம் முன் நீரைப் பாதியாக்கினேன். அடியோடு நிறுத்தினால் இலை வாடும். பிறகு திடீரென விட்டால் காய் வெடிக்கும்.

இப்போது ஒப்பீட்டு ரகத்தையும் (என் வழியோடு ஒத்துப்பார்க்க வைக்கும் வேறொரு ரகம்) பக்கத்துப் பாத்தியில், இரு பருவத்திலும், மூன்று இடங்களில் நடுகிறேன். வெறும் பிரிக்ஸைப் பார்ப்பதில்லை. ஒப்பீட்டு ரகத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை வைத்தே தாய்ச்செடி தேர்வு.