நாள் முழுக்கப் படித்தும் மதிப்பெண் வராதது ஏன்? மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“டீச்சர், இவன் நல்லாத்தான் படிச்சான். வீட்டுல கேட்டா எல்லாம் சொல்றான். பரீட்சைத் தாளைப் பார்த்தா ஒண்ணும் இல்ல.” சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 (ஆறாம் வகுப்பு) பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் சொல்வது இதுதான். அவர்கள் சொல்வது உண்மை. பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், புத்தகத்தைத் திறந்திருக்கிறான், மஞ்சள் ஹைலைட்டரால் பாதிப் பக்கத்துக்குக் கோடும் போட்டிருக்கிறான். இவ்வளவு உழைப்பும் வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பத் திரும்ப வாசிப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. ஒரு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. அடுத்த பத்தியில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. ‘இது எனக்குத் தெரியும்’ என்று பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறான். தேர்வில் அந்தப் பக்கம் கண்முன் இருக்காது. வெறும் கோடு போட்ட இடத்தில், எந்தத் துணையும் இல்லாமல், நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டும். அந்த வேலையை அவன் வீட்டில் ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டான்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு அமர்வுகளில் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு அமர்வுகளிலும் வாசித்தவர்கள் 83 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ்: வாசித்தவர்களிடம் 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. பெற்றோர் இரவில் கேள்வி கேட்கும்போது சரியாகப் பதில் சொன்ன பிள்ளை அடுத்த வாரம் பரீட்சையில் தடுமாறுவது இதனால்தான். வாசித்த சூடு ஆறுவதற்குள் கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் தெரியும்.

அதனால் ஒருமுறை புரிந்து வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவால் சேர்க்க வேண்டும். அந்த வேறு நிறம்தான் நாளைக்குப் படிக்க வேண்டிய பகுதி. முதல் சில நாள் பிள்ளைக்கு இது பிடிக்காது. தாள் பாதி காலியாக இருப்பதைப் பார்த்தால் சோர்ந்து போவான். அந்த நேரத்தில் திட்டாமல் கூட இருங்கள்.

அறிவியலில் இதன் பலன் நன்றாகத் தெரியும். குளிர்ந்த தண்ணீர் உள்ள குவளையின் வெளிப்பக்கத்தில் ஏன் நீர்த்துளிகள் தோன்றுகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கண்டன்சேஷன்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கும் பிள்ளைகள் ஏராளம். சுற்றியிருக்கும் காற்றில் உள்ள நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த வெளிப்பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளியாக மாறுகிறது என்ற முழுச் சங்கிலியும் வேண்டும். பாடநூலில் வாசிக்கும்போது இந்தச் சங்கிலி தானாகவே கண்ணில் ஓடிவிடும். பார்க்காமல் எழுதும்போதுதான் எந்தக் கண்ணி தன்னிடம் இல்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும்.

ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாகச் செய்வது

கடையில் வாங்கும் அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகங்களில் பாதிக்கு மேல் அத்தியாய வாரியாக இருக்கும். ‘விகிதம்’ என்று தலைப்பு, கீழே இருபது கணக்கு. முதல் மூன்று கணக்கிலேயே வழி பிடிபட்டுவிடும், மீதி பதினேழுக்கும் எண்களை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். எல்லாம் சரி என்று டிக் விழும்போது பெற்றோருக்கும் நிம்மதி. ஆனால் தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுத் தாளில் ‘இது விகிதக் கணக்கு’ என்று யாரும் மேலே எழுதித் தருவதில்லை. எந்த வழியில் போவது என்று முடிவுசெய்வதே அங்கே பாதி வேலை. அத்தியாய வாரியான பயிற்சியில் அந்தப் பாதி வேலையைப் புத்தகமே செய்துவிடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர்கள் ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. கன உருவங்களின் கொள்ளளவுக் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துச் செய்த மாணவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைபிரித்தவர்கள் 20க்கு இறங்கினார்கள், கலந்து செய்தவர்கள் 63இல் நின்றார்கள். பயிற்சியில் தப்பு அதிகம் வருகிறதே என்று பயந்து பழைய முறைக்கே திரும்பிவிடாதீர்கள்.

புது அத்தியாயத்தைக் கற்கும்போது ஒரே வகைக் கணக்குகள் தேவைதான். வழி புரிந்ததும் கலக்க வேண்டும். டென் இயர் சீரிஸ் என்ற பழைய தேர்வுத்தாள் தொகுப்பை வாங்கும் உயர்நிலை மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அது தலைப்பு வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் கிடைக்கிறது. தலைப்பு வாரிப் புத்தகத்தை முடித்துவிட்டுத் தயாராகிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆண்டு வாரித் தாளை, நேரம் குறித்து, ஒரே அமர்வில் எழுதினால்தான் உண்மை நிலவரம் தெரியும். விடைப்பகுதியைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவது நல்லது. பாதியில் திரும்பிப் பார்த்து, ‘ஓ, இப்படித்தானா’ என்று தலையாட்டிய கணக்கு தனக்குத் தெரிந்த கணக்காகிவிடாது.

‘கேர்லஸ் மிஸ்டேக்’ என்று சொல்லித் தாண்டிப் போவது

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதைச் சொன்னதும் விசாரணை முடிந்துவிடுகிறது. பிள்ளை அடுத்த முறை கவனமாக இருக்கிறேன் என்கிறான், அடுத்த முறையும் அதே இடத்தில் விழுகிறான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் தன் பணத்தில் 2/5 பங்கைப் புத்தகத்துக்கும், மீதியில் 1/4 பங்கைச் சாப்பாட்டுக்கும் செலவழித்தார். மொத்தம் எவ்வளவு பங்கு செலவானது? பிள்ளை 2/5, 1/4 இரண்டையும் கூட்டி 13/20 என்று எழுதுகிறாள். சரியான விடை 11/20. ஏனென்றால் மீதி 3/5, அதில் கால் பங்கு 3/20. ‘மீதியில்’ என்ற சொல்லை அவள் கவனிக்கவில்லை என்று பெற்றோர் நினைப்பார்கள். அவளுடைய பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் இதே வகைக் கணக்கில் இதே தவறு ஒவ்வொரு தடவையும் இருக்கும். அப்படி இருந்தால் அது கவனக்குறைவில் வந்ததல்ல. மீதி என்பது இன்னொரு புது முழுமை என்ற கருத்தே அவளுக்கு இன்னும் பதியவில்லை. பார் மாடல் (பங்குகளைக் கட்டங்களாகக் காட்டும் பட்டைப் படம்) வரைந்து, மீதிப் பகுதியைத் தனியாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்துவிடும்.

ஒரு மெல்லிய நோட்டு போதும். தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு தவறையும் அதில் எழுதி, பக்கத்தில் காரணம் குறிக்க வேண்டும்: பாடமே தெரியவில்லை, தெரியும் ஆனால் கேள்வி புரியவில்லை, கணக்கிடும்போது தவறு, நேரம் போதவில்லை. பலகையில் ஆசிரியர் எழுதிய விடையைப் பச்சைப் பேனாவால் நகலெடுப்பது திருத்தம் ஆகாது. சில நாள் கழித்து அதே கணக்கை ஒன்றையும் பார்க்காமல் மறுபடி செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. பிள்ளைகளின் மனஅழுத்தத்தைக் குறைக்கச் செய்தது, நல்ல மாற்றம். ஆனால் சில வீடுகளில் இதையே ஜூன் விடுமுறை முடியும்வரை ஓய்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஆகஸ்டில் ஆண்டு முழுவதற்குமான பாடத்தை ஒரேயடியாகத் திணிக்கிறார்கள். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மையே சோதித்து எழுதிவைத்தார். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதுதான் மருந்து. இன்று படித்ததை நாளை பத்து நிமிடம், வார இறுதியில் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால் போதும். மொத்த நேரம் அதிகமாகாது.

டியூஷனே படிப்பு என்று நினைப்பது

நானும் டியூஷன் ஆசிரியைதான், இருந்தாலும் சொல்கிறேன். சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023இல் டியூஷனுக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. அந்த வகுப்புகளில் பிள்ளை செய்வது பெரும்பாலும் கேட்பது. கேட்டதைத் தானாகச் செய்து பார்க்கத் தனியாக நேரம் வேண்டும். திங்கள் கணிதம், புதன் அறிவியல், சனி ஆங்கிலம், ஞாயிறு தமிழ் என்று வாரம் நிரம்பியிருந்தால் அந்த நேரம் எங்கிருந்து வரும்? ஒரு வகுப்பைக் குறைத்து, அந்த இரண்டு மணி நேரத்தைப் பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள். வீட்டில் இடமில்லை, தம்பி தங்கைகளின் சத்தம் என்றால் பக்கத்து நூலகத்துக்கு அனுப்பலாம்.

கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதைக் குறைத்துப் படிப்பதால் லாபமில்லை. ‘என் பிள்ளை விஷுவல் லேர்னர்’ (கண்ணால் பார்த்துக் கற்பவன்) என்று படம் பார்க்க மட்டும் விடுவதும் வேண்டாம். கற்கும் பாணிக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008இல் வந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது.

தமிழை மனப்பாடத்தில் தள்ளிவிடுவது

நமக்கே உரிய தவறு இது. அழகான தொடக்கப் பத்தி ஒன்று, பழமொழிகள் சில, மரபுத்தொடர் பட்டியல் ஒன்று. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, எந்தத் தலைப்பு வந்தாலும் காலைக் கதிரவனைக் கொண்டுவந்து எழுப்பிவிடுகிறார்கள். கட்டுரையில் அது ஓரளவு தாங்கும். வாய்மொழித் தேர்வில் தாங்காது. ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்லும்போது, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறாள்.

இதற்குப் புத்தகம் வேண்டாம். சாப்பிடும்போது வசந்தம் தொலைக்காட்சிச் செய்தியில் வந்த ஒன்றையோ நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பார்த்த ஒன்றையோ எடுத்து, “நீயா இருந்தா என்ன செய்வே, ஏன்?” என்று கேளுங்கள். அவள் பதிலை முடிக்கும்வரை காத்திருங்கள். இடையில் ஆங்கிலச் சொல் வந்தால் அங்கேயே மறிக்காதீர்கள், பேசி முடித்த பிறகு அதற்கான தமிழ்ச் சொல்லைச் சொல்லி, அதே பதிலை இன்னொரு தடவை சொல்ல வைத்தால் போதும்.