35 வயதுக்கு மேல் எடை குறைக்க: அரிசி டம்ளரில் இருந்து ஆரம்பிக்கலாம்

போன வருடம் சித்திரையில் என் எடை 74 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர், வயது 38. இன்று காலை பார்த்தபோது 65. நடுவில் 14 மாதம் ஓடியிருக்கிறது. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், மூன்று கல்யாணம் வந்து போயின. எந்தப் பந்தியிலும் பாதியில் எழுந்து வரவில்லை.

இதற்கு முன்பும் குறைத்திருக்கிறேன். 33 வயதில் சோற்றை அடியோடு நிறுத்தி, இரவில் ஓட்ஸ் கஞ்சி குடித்து, இரண்டு மாதத்தில் 6 கிலோ போனது. அடுத்த ஆறு மாதத்தில் 8 கிலோ ஏறியது. அதனால் இந்த முறை எனக்கு நானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே நானும் சாப்பிட வேண்டும், தனிச் சமையல் கிடையாது. கீழே எழுதியிருப்பது எல்லாம் மதுரையில் நான்கு பேர் இருக்கும் ஒரு சாதாரண வீட்டு அடுப்படியில் நடந்தது.

"முப்பத்தஞ்சு தாண்டிட்டா உடம்பு எரிக்காது" என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2021இல் சயின்ஸ் இதழில் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதில் இருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றது. அதைப் படித்தபோது பெரிய நிம்மதி. மாறியவை வேறு: தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, உட்காரும் நேரம் கூடுகிறது, தூக்கம் சுருங்குகிறது. இவற்றை நம்மால் திருத்த முடியும்.

படி 1: இரத்தப் பரிசோதனை

தைராய்டு (டிஎஸ்எச்), மூன்று மாத சர்க்கரை அளவு (எச்பிஏ1சி), ஹீமோகுளோபின். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுக்க வேண்டும்.

(பிறகு சேர்த்தது: சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒரு வாசகி, இதைப் படித்துவிட்டு மறுநாளே சோற்றைப் பாதியாக்கியிருக்கிறார். மாலையில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே படி 3க்குப் போங்கள். தயவுசெய்து.)

படி 2: அளவெடுப்பது

தையல்காரரின் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் பெண்கள் 80, ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எனக்கு 96 இருந்தது, இப்போது 86. இன்னும் போக வேண்டும்.

எடை மிஷின் சாதாரண டிஜிட்டல் வாங்குங்கள். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று போனில் காட்டும் மிஷின் வேண்டாம். தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று காட்டி நம்மைக் கலங்கடிக்கும். கலோரி ஆப்பும் வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் இருக்கும் 'ஒரு கப் சாம்பார்' உங்கள் வீட்டுச் சாம்பார் கிடையாது. ஒரு நோட்டு, ஒரு பேனா. காலையில் காபிக்கு முன்னால் எடை பார்த்து எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் சராசரி எடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், ஊறுகாய், அப்பளம் அதிகம் சாப்பிட்ட மறுநாளும் ஒரு கிலோ ஏறிக் காட்டும். அது தண்ணீர். போன ஞாயிற்றுச் சராசரியோடு இந்த ஞாயிற்றுச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 3: அரிசி

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

முதல் ஒரு மாதம் வழக்கம்போலச் சமைத்து, தட்டில் மட்டும் குறைவாக வைத்துக்கொண்டேன். மதியம் நன்றாகத்தான் போகும். நான்கு மணிக்குப் பானையைத் திறந்தால் இரண்டு கரண்டிச் சோறு இருக்கும். வீணாகப் போகுமே என்று தயிர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டு முடித்துவிடுவேன். மதியம் விட்டது மாலையில் உள்ளே போய்விடும். எடை அசையவே இல்லை.

ஒரு நாள் அரிசி அளக்கும் எவர்சில்வர் டம்ளரைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டிய ஒரு டம்ளர் 170 கிராம். நான்கு பேருக்கு மூன்று டம்ளர், அதாவது 510 கிராம். 100 கிராம் அரிசி கிட்டத்தட்ட 350 கலோரி; வெந்தால் சுமார் 300 கிராம் சோறு. மதியச் சோறும் நான்கு மணித் தயிர்ச்சோறும் சேர்த்தால், என் பங்குக்கு மட்டும் ஏறக்குறைய 180 கிராம் அரிசி போய்க்கொண்டிருந்தது.

ஆகவே உலையில் போடும்போதே குறைக்க முடிவு செய்தேன். வாரத்துக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அத்தைக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. "திடீர்னு யாராவது வந்து நின்னா சோறு இல்லைன்னா சொல்லுவ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் வீடுகளில் அந்த மூன்றாவது டம்ளர் வராத விருந்தாளிக்காகத்தான் தினமும் வேகிறது. அரை கிலோ கெட்டி அவலை ஒரு டப்பாவில் போட்டு அவர் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தேன். யார் வந்தாலும் பத்து நிமிடத்தில் அவல் உப்புமா தயாராகிவிடும். அந்த டப்பா வந்த பிறகுதான் டம்ளர் இறங்கியது. இப்போது இரண்டரை. என் பங்கு 80 கிராம் அரிசி.

தட்டில் குறைந்த இடத்துக்குப் பொரியலும் கீரையும் கூட்டும் வர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஐந்து மணிக்குப் பசி தாங்காது. முன்பு கால் கிலோ அவரைக்காய் வாங்கிய இடத்தில் இப்போது முக்கால் கிலோ வாங்குகிறேன். பொரியல் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பது.

"அரிசிக்குப் பதில் சாமை, வரகு சாப்பிட்டால் இளைக்குமா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் எடைக்கு எடை கலோரி கிட்டத்தட்ட அரிசி அளவுதான். அதையும் டம்ளரில் அளந்தே போட வேண்டும்.

படி 4: எண்ணெய்

5 லிட்டர் கேனைத் திறக்கும் நாளில் மார்க்கர் பேனாவால் அதன் மேல் தேதி எழுதுங்கள். எங்கள் முதல் கேன் 31 நாளில் தீர்ந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 37 கிராம், சுமார் 330 கலோரி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உணவுக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது.

அளக்க நான் வைத்திருப்பது இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி. 5, 10 மில்லி கோடு போட்டிருக்கும். கேனில் இருந்து நேராக வாணலியில் சாய்க்கும் பழக்கம் நின்றாலே பாதி வேலை முடிந்தது. தோசைக்கு, அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பது பாட்டி காலத்து வழி. இன்றைக்கும் அதற்கு இணை இல்லை. வடை, பஜ்ஜியை நிறுத்தவில்லை, ஞாயிறு மாலைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

படி 5: பருப்பும் முட்டையும்

சாப்பாட்டைக் குறைக்கும்போது புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். நாளைக்கு 60 கிராம் என்று வைத்துக்கொண்டேன். முட்டை இரண்டு என்றால் 12 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 9 அல்லது 10. மாலை நான்கு மணிக்கு இந்தச் சுண்டல்தான் என்னைக் காப்பாற்றுகிறது.

சாம்பாரில் ஒரு விஷயம் கவனித்தேன். பருப்பு அடியில் தங்கிவிடும். பரிமாறுகிறவள் எல்லோருக்கும் அடியில் இருந்து கெட்டியாக அள்ளி ஊற்றிவிட்டு, கடைசியில் மிஞ்சும் தெளிவைத் தனக்கு விட்டுக்கொள்வாள். பல வருடம் நானும் அப்படித்தான். இப்போது நன்றாகக் கலக்கிவிட்டு, என் கிண்ணத்தை முதலிலேயே நிரப்பி வைத்துவிடுகிறேன். வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதை நாளைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

படி 6: நடையும் நாற்காலியும்

வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாரத்தில் ஐந்து நாள் மூன்று சுற்று. மனதுக்கு அவ்வளவு நல்லது, தூக்கமும் வரும். ஆனால் அதில் செலவாவது 150 முதல் 200 கலோரிதான். திரும்பி வரும்போது டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்.

தசைக்கு நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும்: பத்து முறை, மூன்று தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது அதே கணக்கு. வாரத்தில் மூன்று நாள் செய்கிறேன். முட்டி வலி இருப்பவர்கள் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் சேர்த்தது

"மூன்று மாதம் குறைந்தது, அப்புறம் நின்றுவிட்டது" என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கும் 69இல் ஐந்து வாரம் நின்றது. உடம்பு சிறிதானால் அதற்கு வேண்டிய சக்தியும் குறையும், அது ஒரு காரணம். இன்னொன்றை அலமாரியில் கண்டுபிடித்தேன். மருந்து மூடி தொலைந்துபோய், மறுபடி கேனில் இருந்தே ஊற்ற ஆரம்பித்திருந்தேன். அந்தக் கேன் 34 நாளில் தீர்ந்திருந்தது. புதிய மூடியை நூலில் கட்டிக் கேனின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டேன். போன கேன் 43 நாள் வந்தது.