புதிதாக வந்தவர்களின் வீட்டுரிமைக்காக ரொறன்ரோவில் மானியம் எடுப்பது எப்படி

ஸ்காபரோவில் சின்னதாக ஒரு சங்கம் நடத்துகிறீர்கள், "வீட்டுக்காரர் எழும்பச் சொல்லுகிறார், என்ன செய்யிறது" என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், உதவி செய்ய மனம் இருக்கிறது, காசுதான் இல்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொங்கல் விழாவுக்கும் முதியோர் சுற்றுலாவுக்கும் மானியம் எடுத்துப் பழகிய நம் சங்கங்கள் வாடகை வீடு, உரிமை என்று வந்ததும் "அது சட்டத்தரணிகளின் வேலை" என்று ஒதுங்கிவிடுகின்றன. ஒதுங்கக் கூடாது. வந்து ஆறு மாதமான ஒரு குடும்பம் சட்ட உதவி நிலையத்தின் கதவை முதலில் தட்டுவதில்லை, தன் மொழி பேசுகிற இடத்துக்குத்தான் வரும், அந்த இடம் உங்களுடையது.

முதலில் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நல்ல விண்ணப்பம் அங்கிருந்துதான் தொடங்கும். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் வாடகை முற்பணமாக ஒரு மாதத்துக்கு மேல் கேட்க முடியாது, அதுவும் கடைசி மாத வாடகைக்காக மட்டும். ஆனால் கனடாவில் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆறு மாதம், ஒரு வருடம் என்று புதிதாக வந்தவர்களிடம் கேட்கிறார்கள். கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லாததை ஒருவருக்கு எதிரான குறையாகப் பார்க்கக் கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. பிறந்த நாடு, குடியுரிமை, அரச உதவிப் பணம் பெறுவது, இவற்றைக் காட்டி வீடு மறுப்பதும் மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது. ஒரே வீட்டில் தனித்தனி அறைகளை வாடகைக்கு விடுவது 2024 மார்ச் 31 வரை ஸ்காபரோவில் அனுமதிக்கப்படாமல் இருந்தது. இப்போது உரிமம் எடுத்து நகரம் முழுவதும் நடத்தலாம். அப்படியான வீடுகளில் இருப்பவர்கள் பலர் இன்னமும் முறைப்பாடு செய்தால் தெருவுக்கு வந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, காசுக்கு வருவோம்.

உங்கள் சங்கத்துக்குப் பதிவுபெற்ற தொண்டு நிறுவன இலக்கம் இருக்கிறதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இருந்தால் பெரும்பாலான அறக்கட்டளைகளிடம் நேரடியாகப் போகலாம். இல்லையென்றால் இலக்கம் உள்ள ஒரு அமைப்பைப் பொறுப்பு நிறுவனமாகச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் யார் கணக்கு வைப்பது, யார் அறிக்கை எழுதுவது, நிர்வாகச் செலவுக்கு எத்தனை வீதம் என்பதையெல்லாம் காசு வருவதற்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் மாறிய சட்டப்படி, பதிவில்லாத அமைப்புக்கும் ஒரு தொண்டு நிறுவனம் சில நிபந்தனைகளோடு நேரடியாக மானியம் தரலாம். எல்லோரும் தருவதில்லை, தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கு என் முதல் யோசனை, கனடா வருமான வரி முகவரகத்தின் தளத்துக்குப் போங்கள். பதிவுபெற்ற ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் வருடா வருடம் கொடுக்கும் ரி3010 படிவம் அங்கே பொதுப் பார்வைக்கு இருக்கிறது. ஒரு அறக்கட்டளையின் பெயரைத் தேடி, அந்த வருடம் எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். அவர்கள் இணையத்தளத்தில் "வீட்டுவசதி எங்கள் முன்னுரிமை" என்று எழுதியிருப்பார்கள், பட்டியலில் வைத்தியசாலையும் பல்கலைக்கழகமும்தான் இருக்கும். அப்படியானவர்களுக்கு விண்ணப்பம் எழுதி ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். உங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு சின்னத் தொகை கொடுத்தவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தொகையை ஒட்டியே கேளுங்கள். இன்னொன்று: 10 லட்சம் டொலருக்கு மேல் முதலீடு வைத்திருக்கும் தொண்டு நிறுவனங்கள் அந்த மேலதிகத் தொகையில் வருடத்துக்கு 5 வீதமாவது செலவிட வேண்டும் என்பது 2023இலிருந்து சட்டம், முன்பு 3.5 வீதமாக இருந்தது. ஆகவே தயங்காமல் கேளுங்கள், கொடுப்பது அவர்களுக்குக் கடமையும்தான்.

பார்க்க வேண்டிய சில பெயர்கள். சட்டத்தரணிகள் வாடிக்கையாளர்களின் காசை வைத்திருக்கும் பொதுவான நம்பிக்கைக் கணக்குகளில் சேரும் வட்டி ஒன்ராறியோ சட்ட அறக்கட்டளைக்குப் போகிறது. அதில் 75 வீதம் சட்டப்படி சட்ட உதவிக்குப் போக, மிச்சத்தில்தான் மானியம். உரிமை விளக்க வேலைக்கு இது பொருத்தமான இடம். கத்தரின் டொனலி அறக்கட்டளை குடிவரவாளர்களுக்குப் பணிசெய்த ஒரு கன்னியர் சபையின் வழி வந்தது, வீட்டுவசதி அவர்களுக்குப் பழகிய விடயம். ரொறன்ரோ அறக்கட்டளையும் ஒன்ராறியோ ரில்லியம் அறக்கட்டளையும் பலருக்குத் தெரிந்தவைதான். மாநகராட்சியிடம் வாடகைக் குடியிருப்பாளர் சங்கங்களுக்கென்றே ஒரு சின்ன மானியம் இருக்கிறது. வாடகையைக் கூட்ட மாகாண அரசு வருடா வருடம் அறிவிக்கும் வழிகாட்டு வீதத்துக்கு மேலே வாடகை கூட்ட வீட்டுக்காரர் விண்ணப்பித்தால், அதை எதிர்க்கச் சட்ட உதவி வைத்துக்கொள்ள அது உதவும். கட்டடத்தில் நம் ஆட்கள் பத்துக் குடும்பம் இருந்தால், அவர்களைச் சங்கமாகக் கூட்டி இந்த மானியத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

விண்ணப்பத்தில் "தேவை என்ன" என்ற பகுதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "புதிதாக வரும் மக்கள் பல சவால்களை எதிர்கொள்கின்றனர்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் நிலக்கீழ் அறைகளில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருக்கிறார்கள், வாடகையைக் காசாகக் கொடுக்கிறார்கள், பற்றுச்சீட்டு இல்லை. எழும்பச் சொன்னால் அன்றைக்கே எழும்ப வேண்டும் என்று நம்புகிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாதவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல ஒரு ஆளும், வீட்டுக்காரர் கொடுக்கும் எழும்பச் சொல்லும் அறிவித்தலை வாசித்து அதே நாளில் சட்ட நிலையத்துக்கு அனுப்ப ஒரு வழியும் வேண்டும்." இதில் குடிவரவும் வீடும் ஒன்றாக நிற்கின்றன. இரண்டையும் பிரித்து இரண்டு திட்டமாகக் காட்டாதீர்கள், அந்தக் குடும்பத்துக்கு அது ஒரே பிரச்சினைதான்.

வரவுசெலவில் கூச்சப்படாமல் எழுதுங்கள். மொழிபெயர்ப்பவரின் கூலி, பஸ் காசு, கூட்டம் நடக்கும்போது பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுப்பது, இவையெல்லாம் நியாயமான செலவுகள். வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தின் விசாரணைகள் பெரும்பாலும் காணொளியில்தான் நடக்கின்றன, நிலக்கீழ் அறையில் இன்னொரு குடும்பத்தோடு இருப்பவருக்கு அமைதியான ஒரு மூலையும் நல்ல இணைய இணைப்பும் கிடைக்காது. ஆகவே அலுவலகத்தில் ஒரு கதவு மூடிய அறை, ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி என்று கேளுங்கள். வேலை செய்பவருக்குச் சம்பளம் போடுங்கள். தொண்டர்களை வைத்தே எல்லாம் செய்துவிடுவோம் என்று காட்டினால் அடுத்த வருடமும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள்.

அரசியல் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தொண்டு நிறுவனங்கள் தங்கள் நோக்கத்தை ஒட்டி அரச கொள்கைகளைப் பற்றி எவ்வளவும் பேசலாம். கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவோ எதிர்க்கவோ மட்டும் கூடாது. நகரசபைக் குழுவுக்கு முன்னால் போய்ப் பேசுவதைத் தாராளமாகத் திட்டத்தில் சேருங்கள்.

சிலருக்குக் கட்டடமே வாங்க ஆசை. நல்ல ஆசைதான், ஆனால் 50,000 டொலர் மானியத்தில் அது நடக்காது. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் நில அறக்கட்டளை, அதாவது காணியையும் வீட்டையும் சமூகத்துக்காக வாங்கி வைத்திருக்கும் அமைப்பு, செய்ததைப் பாருங்கள், திபெத்தியக் குடிவரவாளர்கள் பயிர் செய்த ஒரு தோட்டக் காணியைக் காப்பாற்றுவதில் தொடங்கி, அயலில் உள்ள அறைவாடகை வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணி 198 என்று 2017இல் அறிக்கையாக வெளியிட்டார்கள், அதற்குப் பிறகுதான் வீடு வாங்கப் பெரிய காசு கேட்டார்கள். 2021இல் மாநகராட்சி தொடங்கிய கட்டடம் வாங்கும் திட்டமும் இலாப நோக்கற்ற வீட்டமைப்புகளுக்கும் நில அறக்கட்டளைகளுக்கும்தான், ஆகவே அப்படி ஒன்றோடு கூட்டுச் சேருங்கள். சின்ன மானியத்தை உங்கள் பகுதியின் வீடுகளை எண்ணிப் பதிவதற்குப் பயன்படுத்தலாம்.

அப்புறம், ஆட்களின் கதை. அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர், வதிவிட அனுமதி இல்லாதவர், இவர்களின் பெயர், படம், தெரு எதையும் விண்ணப்பத்திலோ அறிக்கையிலோ போடாதீர்கள். அவர்களே "பரவாயில்லை அண்ணை, போடுங்கோ" என்று சொன்னாலும் வேண்டாம், உதவி செய்தவரிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. படம் கேட்கும் அறக்கட்டளைக்குக் காரணத்தைச் சொல்லி, எத்தனை அறிவித்தல்கள் வந்தன, எத்தனை குடும்பங்கள் வீட்டிலேயே தொடர்ந்து இருக்க முடிந்தது, எவ்வளவு முற்பணம் திரும்பக் கிடைத்தது என்ற கணக்கைக் கொடுங்கள். அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வேண்டும்: வந்த திகதி, அறிவித்தலின் வகை, எங்கே அனுப்பினீர்கள், முடிவு என்ன.

மறுப்புக் கடிதம் வந்தால் அந்த வாரமே திட்ட அலுவலரை அழைத்து, எந்தப் பகுதியில் புள்ளி குறைந்தது என்று கேளுங்கள், அடுத்த சுற்று எப்போது திறக்கும் என்பதையும் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.