பழைய வெள்ளிக் காசைப் புளி போட்டு விளக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில், பாட்டியின் சுருக்குப்பையிலோ சாமி மேடையிலோ இரண்டொரு பழைய வெள்ளிக் காசு கிடைப்பதுண்டு. விற்க நினைத்ததும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். பாதி விலை அங்கேயே கழுவிப் போய்விடும்.

அச்சடிக்கும்போது உலோகம் நகர்ந்ததால் உண்டான நுண்கோடுகள்தாம், காசைச் சாய்த்தால் சுழலும் ஒளியைத் தருகின்றன. புளியின் அமிலம் அந்தப் பரப்பை அரிக்கிறது, பற்பசை கீறுகிறது. கறுத்த காசைச் சேகரிப்பாளர் விரும்பி வாங்குவார். தேய்த்த காசுக்குப் பெரும்பாலும் உருக்கு விலைதான். காசுகளைச் சோதித்துத் தரம் குறிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களுக்கு அனுப்பினாலும் 1 முதல் 70 வரையிலான எண் தரம் கிடைப்பது அரிது. அசல்தான், ஆனால் சேதமானது என்ற பொருளில் 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பதக்கமாக்கக் கொக்கி பற்றவைத்து, பிறகு அரத்தால் ராவிய காசுக்கும் அதே கதிதான். வாங்கும்போது விளிம்பின் உச்சியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஆண்டை மட்டும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. 0.01 கிராம் காட்டும் கையடக்கத் தராசு ஒன்று வேண்டும். பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் நிற்கும் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் (1895–1935) 26.95 கிராம். பிரிட்டிஷார் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களின் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 1903, 1904இல் அதே எடை; 1907–1909இல் 20.21 கிராம்; 1919, 1920இல் 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. இந்த மாற்றம் தெரியாவிட்டால் நல்ல 1908 காசையே போலி என்று தள்ளிவிடுவீர்கள். புழங்கித் தேய்ந்த காசில் எடை சிறிது குறைவது இயல்பு.

காந்தம் ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது. செம்பு, நிக்கல் கலவையிலும் ஒட்டாது. தண்ணீர்ச் சோதனைதான் நம்பகமானது. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். 26.95 கிராம் அசலுக்கு தராசு 2.6 கிராம் அளவில் காட்டும். செம்பு, நிக்கல் போலி அதே எடையில் இருந்தாலும் 3.0 கிராம் காட்டும். காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். விளிம்பில் சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரிந்தால் அது வார்த்தெடுத்த போலி, வாங்க வேண்டாம்.

ராமர் பட்டாபிஷேகத்தோடு 1818 என்று பொறித்த 'கம்பெனி அரை அணா'வைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. பூஜைக்கு வைத்துக்கொள்ளலாம். அரிசியை இழுக்கும் என்று லட்சக்கணக்கில் விலை சொன்னால் அது சுத்த மோசடி.

தரம் குறிக்கும் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து வந்தாலும் அப்படியே நம்பாதீர்கள். பெட்டிக்கும் போலி உண்டு. சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தில் தெரியும் கீறலும் கறையும் கையிலிருக்கும் காசிலும் உண்டா என்று ஒப்பிடுங்கள். எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

மலிவான பிவிசி உறைகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் இளகிப் பச்சைப் பசையாகக் காசில் ஒட்டும். பஞ்சால் துடைக்காமல், காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல் சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டு எடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.