வெள்ளீயத் துளியிலிருந்து சிலிக்கான் நானோகம்பி வளர்த்தல்

கும்பகோணத்தில் ஈயச்சொம்பு வாங்கியவர்களுக்குத் தெரியும், ரசம் ஊற்றாமல் வெறுமனே அடுப்பில் வைத்தால் அது உருகி ஒழுகிவிடும். அந்தச் சொம்பின் உலோகமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகுகிறது. சிலிக்கான் நானோகம்பிக்கு (நானோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட மிக மெல்லிய கம்பிக்கு) வினையூக்கியாக நான் அதைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். தஞ்சை, திருவாரூர், திருச்சி வட்டாரங்களில் இந்த ஆய்வைத் தொடங்கும் முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். தனிச் சிலிக்கான் 1414 டிகிரியில்தான் உருகும். தங்கத்துடன் கலந்தால் 363 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. 1964இல் வாக்னரும் எல்லிஸும் விளக்கிய முறையில், ஆவியிலிருந்து வரும் சிலிக்கான் உருகிய துளியில் கரைந்து, கரையும் அளவைத் தாண்டியதும் துளியின் அடியில் படிகமாகப் படிய, துளியைத் தலையில் சுமந்தபடி கம்பி உயர்கிறது. ஆனால் தங்கம் சிலிக்கானுக்குள் தங்கினால் மின்னூட்டங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளீயம் சிலிக்கானைப் போலவே நான்கு இணைதிறன் கொண்டதாகையால் அந்தக் கெடுதலைச் செய்வதில்லை. சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயுவைத் தானே உடைக்கும் திறன் அதற்குக் குறைவு; அந்த வேலையைப் பிளாஸ்மா, அதாவது மின்புலத்தால் அயனியாக்கப்பட்ட வாயு, செய்கிறது.

சிலிக்கான் தகட்டை அசிட்டோனிலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் சில நொடிகள் அமிழ்த்தி, மேலுள்ள ஆக்சைடை நீக்குங்கள். அந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும் என்பதால் டெஃப்லான் பாத்திரமே ஏற்றது. அந்த அமிலம் தோலில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். பிறகு வெற்றிட ஆவிப்படிவில் 1 முதல் 2 நானோமீட்டர் வரை வெள்ளீயம் பூசுங்கள்.

பெரும்பாலான தோல்விகள் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் நேர்கின்றன. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவித் துடைத்த பிறகே ஈயத்தை இழுப்பார். ஆக்சைடு இருந்தால் ஈயம் பிடிக்காது. நம் வேலையில் நவச்சாரத்தின் இடத்தில் இருப்பது ஹைட்ரஜன் பிளாஸ்மா. ஒரு கார்த்திகை மாதத்தில், பூசிய தகட்டை இரவு முழுவதும் மேசையில் விட்டுவிட்டு மறுநாள் அதே அளவுகளில் வளர்த்தபோது, எனக்குக் கம்பி ஒன்றுகூடக் கிடைக்காமல் பளபளக்கும் படலம் மட்டுமே கிடைத்தது. டெல்டாவின் அடைமழைக் காலத்தில் தகட்டை உலர்கலத்தில் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். அன்றே கருவியின் வெற்றிட அறைக்குள் ஏற்றுங்கள். வெற்றிடத்திலேயே 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றுங்கள். அதன்பின் 250 டிகிரிக்கு மேல் ஏற்றி, 13.56 மெகாஹெர்ட்ஸ் மின்புலத்தில் சில நிமிடங்கள் ஹைட்ரஜன் பிளாஸ்மாவை ஓடவிட்டால், ஆக்சைடு நீங்கி, மெல்லிய படலம் தனித்தனித் துளிகளாகத் திரளும்.

வெப்பத்தை 400 டிகிரிக்கு உயர்த்தி, ஒரு பங்கு சிலேனுக்குப் பத்துப் பங்கு ஹைட்ரஜன், 1 டார் அளவு அழுத்தம், குறைந்த மின்திறன் என்று தொடங்கி, பத்து முதல் முப்பது நிமிடங்கள் வளர்த்துப் பாருங்கள். இவை தொடக்க அளவுகளே. சூடேற்றி காட்டும் எண்ணுக்கும் தகட்டின் உண்மையான வெப்பத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், உங்கள் கருவிக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். மின்திறன் கூடினால் கம்பியின் பக்கச் சுவரில் படிகமற்ற சிலிக்கான் அப்பிக்கொண்டு, கம்பி கூம்பாகிவிடும். அப்போது மின்திறனைக் குறையுங்கள், அல்லது ஹைட்ரஜனைக் கூட்டுங்கள், ஏனெனில் அது படிகமற்ற பகுதியை அரித்தெடுக்கும்.

சிலேன் காற்றுப்பட்டதும் தானே தீப்பற்றும். கசிவு உணரி, காற்றோட்டமுள்ள வாயு அலமாரி, வெளியேறும் வாயுவை எரித்துக் கழுவும் அமைப்பு ஆகிய மூன்றும் இயங்காத ஆய்வகத்தில் இதைச் செய்யவே கூடாது. வளர்ப்பு முடிந்ததும் சிலேனை மூடி, குழாய்களில் நைட்ரஜனைப் பலமுறை செலுத்தி வெளியேற்றி, தகடு வெற்றிடத்திலேயே ஆறிய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

தகடு மங்கிய கரும்பழுப்பாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. கம்பிக் காடு ஒளியை விழுங்குகிறது. ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறும் விதத்தைக் காட்டும் வரைபடத்தில்) 520 செ.மீ⁻¹க்கு அருகே கூர்மையான முகடு வந்தால் அது படிகம். 480ஐ ஒட்டிப் பரந்த மேடு மட்டும் இருந்தால் படிகமற்ற படலம். இறுதியாகத் தகட்டை உடைத்து, அதன் குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். கம்பியின் நுனியில் வெள்ளீயத் துளி உருண்டையாக அமர்ந்திருக்க வேண்டும்.