தெருமுனைக் கூட்டத்துக்குப் பேச்சு எழுதுவது எப்படி?

வியாசர்பாடியில் தெருமுனைக் கூட்டங்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவன் நான். பழைய ரோமாபுரியின் பெரும் பேச்சாளர் சிசரோ சொன்ன வரிசையைத்தான் பின்பற்றுகிறேன்: தொடக்கம், நடந்த கதை, பிரித்துச் சொல்வது, நிறுவல், மறுப்பு, முடிப்பு.

மேடையில் இருப்பவர்களின் பெயரை வாசித்தே கால் மணி நேரம் போய்விடும். அதை இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். "நேற்று மழையில் உங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர்" என்று ஆரம்பித்தால் டீக்கடையில் நிற்பவரும் திரும்புவார்; கதையும் அதிலேயே வந்துவிடும். என்ன பேசப்போகிறோம் என்பதற்கு ஒரு வரி, ஆதாரம் இரண்டு. சரி, போதும்.

மறுப்பில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எதிராளியின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லுங்கள், கேலி அப்புறம். பெரும்பான்மையோர் பேசுவதால் இந்திதான் ஆட்சிமொழி என்றார்கள். எண்ணிக்கைதான் கணக்கென்றால் தேசியப் பறவை மயில் அல்ல, காக்கைதான் என்றார் அண்ணா. அவர்கள் அளவுகோலாலேயே அவர்களை அளந்துவிட்டார்.

முடிப்பை முதலிலேயே எழுதி வைத்து, 9.50-க்குள் பேசவையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒருமுறை எங்கள் பேச்சாளர் மறுப்பிலேயே லயித்து நிற்க, மைக் செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.